மேயும் வாயும் புல்லின் நோயும்

ஒரு புல்வெளியில் நோய் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலைகளில் செம்பழுப்பு நிறத்தில் துருப்புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. சில தூர்கள் மஞ்சளித்து, வளர்ச்சி குன்றி நிற்கின்றன. இந்த வெளியில் மாடுகளையும் ஆடுகளையும் மேயவிட்டால் நோய் குறையுமா, கூடுமா?

"நோயுற்ற இலைகள் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும், ஆகவே நோய் குறையும்" என்பார் ஒருவர். "மாட்டின் வாயும் குளம்பும் நோயைப் பல இடங்களுக்குக் கொண்டு செல்லும், ஆகவே நோய் கூடும்" என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே எண்ணிப் பாராத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மேயும் விலங்கு நோயைத் தொடாமலே, நோய் பரவும் வேகத்தைப் பல மடங்கு மாற்றிவிட முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாப் புல்வெளிகளில் நடந்த ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. அந்த மூன்று வழிகளையும் இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

இயற்பியல் கற்பிப்பவனுக்குப் புல்வெளியில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். பனித்துளி, காற்றோட்டம், தொடர்வினை ஆகிய மூன்றும் நாங்கள் வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பவைதாம். புல்லின் நோயைப் புரிந்துகொள்ள இம்மூன்றும் வேண்டியிருக்கின்றன.

மூன்று முனைகள்

செடிக்கு நோய் வர மூன்று கூடிவர வேண்டும். முதலாவது, நோயை உண்டாக்கும் கிருமி. அது பூஞ்சையாகவோ, பாக்டீரியாவாகவோ, வைரஸாகவோ இருக்கலாம். இரண்டாவது, அக்கிருமி தங்கிப் பெருக இடம் தரும் செடி. இதனை ஓம்புசெடி என்போம். மூன்றாவது, கிருமிக்கு ஏற்ற சூழ்நிலை; அதாவது ஈரம், வெப்பம், நிழல் முதலியன. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோய் தலையெடுக்காது. செடி நோய் பற்றிய பாடநூல்களில் இதனை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டுவார்கள்.

மேயும் விலங்கு இந்த முக்கோணத்தின் மூன்று முனைகளையும் ஒரே சமயத்தில் அசைக்கிறது. கிருமி தங்கியுள்ள இலையைத் தின்றுவிடுகிறது. புல்லின் உயரத்தைக் குறைத்து, ஈரத்தையும் வெளிச்சத்தையும் மாற்றுகிறது. சில இனங்களை விரும்பித் தின்று, சிலவற்றை ஒதுக்கி, எந்த ஓம்புசெடி எத்தனை இருக்கும் என்பதையும் மாற்றிவிடுகிறது. ஆகவே "மேய்ச்சல் நல்லதா, கெட்டதா" என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடைப்பதில்லை.

பனியும் காற்றும்

முதலில் சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். தெளிந்த இரவில் புல்லின் இலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானை நோக்கி இழக்கிறது. அதனால் இலையின் வெப்பநிலை, சூழ்ந்துள்ள காற்றின் வெப்பநிலையைவிடத் தாழ்ந்துவிடுகிறது. அது பனிநிலைக்குக் கீழே இறங்கும்போது காற்றிலுள்ள நீராவி இலையின்மேல் துளித்துளியாகப் படிகிறது. இதுவே நாம் காலையில் காணும் பனி.

துருநோய் போன்றவற்றை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கு இந்தப் பனி இன்றியமையாதது. பூஞ்சையின் ஸ்போர் என்பது விதை போன்றது. உலர்ந்த இலையின்மேல் விழுந்தால் அது சும்மா கிடக்கும். இலையின்மேல் சில மணி நேரம் தொடர்ந்து ஈரம் இருந்தால்தான் முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே புகும். ஆகவே பனி விழுகிறதா என்பதோடு, விழுந்த பனி எவ்வளவு நேரம் உலராமல் இருக்கிறது என்பதும் முக்கியமாகும்.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் தருவது வெயில். ஆவியை அகற்றுவது காற்று. நெருக்கமாக வளர்ந்த உயரமான புல்லுக்குள் இரண்டுமே எளிதில் நுழைவதில்லை. மேல் இலைகள் வெயிலை மறைக்கின்றன. புல்லின் அடியில் காற்று அசையாமல் நிற்கிறது. எனவே அடி இலைகள் முற்பகல் வரையிலும் நனைந்தே இருக்கும். மேய்ந்து குட்டையான புல்லின்மேலும் பனி விழத்தான் செய்கிறது. ஆனால் கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அது உலர்ந்துவிடுகிறது. முளைக்கத் தொடங்கிய ஸ்போர் பாதி வழியிலேயே காய்ந்து மடிகிறது.

ஸ்போர் பரவுவதிலும் புல்லின் உயரத்துக்குப் பங்கு உண்டு. துருப்பூஞ்சையின் ஸ்போர் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு அகலமுடையது. இத்தகைய துகள் அசையாத காற்றில் வினாடிக்கு ஒரு செ.மீ. அளவே கீழே இறங்கும். 30 செ.மீ. உயரத்திலிருந்து தரையை அடைய அரை நிமிடம் ஆகும், 5 செ.மீ. உயரத்திலிருந்து ஐந்து வினாடி போதும். காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால் முதல் ஸ்போர் 30 மீட்டர் தொலைவு போகும். இரண்டாவது 5 மீட்டருக்குள் விழுந்துவிடும். தரையை ஒட்டிக் காற்றின் வேகமும் குறைவு என்பதால் உண்மையில் இந்த வேறுபாடு இன்னும் மிகும். இது தோராயக் கணக்கே. சுழற்காற்றில் சிக்கி மேலெழுந்த ஸ்போர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்வதும் உண்டு. ஆயினும், குட்டைப் புல் சராசரியாகத் தன் நோயைத் தொலைவுக்கு அனுப்புவதில்லை என்பது இதனால் விளங்கும்.

தின்றால் குறையும் நோய்கள்

குளிர்நாடுகளின் மேய்ச்சல் நிலங்களில் பெரிதும் வளர்க்கப்படுவது ரைகிராஸ் என்னும் புல். இதனைக் கிரீடத்துரு என்னும் பூஞ்சை நோய் தாக்குகிறது. ஸ்போரின் நுனியில் கிரீடம் போன்ற முனைகள் இருப்பதால் இப்பெயர். நோய் கண்ட புல் சுவை கெட்டுப்போவதால் மாடுகள் அதனை ஒதுக்குகின்றன. ஒதுக்கப்பட்ட புல் மேலும் முதிர்ந்து, மேலும் துருவேறி, சுற்றுப்புறத்துக்கு ஸ்போர்களை அனுப்பும் களஞ்சியமாகிவிடுகிறது. சாணம் கிடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள புல்லையும் மாடுகள் தொடுவதில்லை. அந்த நெடும்புல் தீவுகளும் துருவுக்குப் புகலிடமாகலாம்.

ஸ்போர் இலைக்குள் புகுந்த நாளிலிருந்து புதிய ஸ்போர்கள் வெளிவர, வெப்பநிலையைப் பொறுத்து, ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் அந்த இலை தின்னப்பட்டுவிட்டால் ஒரு தலைமுறை நோய் அழிந்தது என்று பொருள். இதனால்தான், துரு தோன்றும் பருவத்தில் புல்லை நீளவிடாமல் அடிக்கடி மேய்க்கவோ அறுக்கவோ செய்யுங்கள் என்று அந்நாட்டு உழவர்களுக்கு அறிவுரை கூறுகிறார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டு எர்காட் நோய். நம் நாட்டில் கம்புப் பயிரில் காணும் தேனொழுகல் நோய் இந்த வகையைச் சேர்ந்ததே. இந்தப் பூஞ்சை புல்லின் பூவை மட்டுமே தாக்கும். பூவின் சூலகத்தில் புகுந்து, விதை இருக்க வேண்டிய இடத்தில் தன் கெட்டியான உடலை வளர்க்கும். அதில் நச்சுப்பொருள்கள் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய பாஸ்பாலம் என்னும் மேய்ச்சற் புல்லில் இந்நோய் காணும்போது, அந்தக் கதிர்களைத் தின்ற மாடுகளின் உடல் நடுங்குகிறது; கால்கள் தள்ளாடுகின்றன. பூக்கும் முன்னரே புல்லை மேய்த்துவிட்டால் பூவும் இல்லை. பூ இல்லையேல் எர்காட்டும் இல்லை. அதே புல்லைக் கதிர் முற்றிய பிறகு மேய்த்தால் மாட்டுக்கே கேடு. மேய்ச்சல் ஒன்றுதான், காலம் மாறினால் பலன் மாறுகிறது.

தின்பதால் கூடும் நோய்கள்

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். இலையின் மேல்தோல் ஒரு காப்புச் சுவர். அதனைக் கடித்துக் கிழிக்கும் ஒவ்வொரு வாயும் கிருமிக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறது.

இதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள உவர்ச் சதுப்புப் புல்வெளிகளில் கிடைத்தது. அங்கே மேய்வது மாடன்று. ஒரு சிறு நத்தை. அரம் போன்ற தன் நாக்கினால் அது புல்லின் இலையைச் சுரண்டுகிறது. ஆனால் பச்சை இலையை அது பெரிதாகத் தின்பதில்லை. சுரண்டிய காயத்தில் பூஞ்சை வளர்கிறது. அந்தப் பூஞ்சையையே நத்தை உணவாகக் கொள்கிறது. அதன் கழிவும் காயத்தின்மேல் விழுந்து பூஞ்சைக்கு வித்தாகவும் உரமாகவும் அமைகிறது. உழவன் நிலத்தைக் கீறி, விதைத்து, எருவிட்டு அறுவடை செய்வது போன்றதே இது. சில்லிமன், நியூவெல் என்னும் இருவர் 2003-இல் இதனை வெளியிட்டார்கள். நத்தை தின்னும் இலையின் அளவைவிட, அது திறந்துவிட்ட காயத்தின் வழியே நுழையும் பூஞ்சை செய்யும் கேடே புல்லுக்குப் பெரியதாக இருந்தது. பின்னர், 2009-இல், தென்மேற்கு அட்லாண்டிக் கரையின் சதுப்புகளில் புல் மேயும் நண்டுகளும் இவ்வாறே பூஞ்சை நோயைக் கூட்டுவதாக அறியப்பட்டது.

செடியின் சாற்றின் வழியே தொற்றும் வைரஸ்களும் உண்டு. நோயுற்ற செடியை அறுத்த கத்தி அடுத்த செடியை அறுக்கும்போது, ஒட்டியுள்ள சாற்றோடு வைரஸும் போய்ச் சேர்கிறது. இத்தகைய வைரஸ்களுக்கு மேயும் பல்லும் மிதிக்கும் குளம்பும் கத்தியின் வேலையைச் செய்யக்கூடும்.

விலங்கின் சிறுநீரையும் மறக்கலாகாது. ஒரு மாடு சிறுநீர் கழித்த சிறு வட்டத்தில் விழும் தழைச்சத்து, ஹெக்டேருக்குப் பல நூறு கிலோ உரமிட்டதற்குச் சமம். அங்கே புல் கொழுகொழுவென்று வளர்கிறது. தழைச்சத்துக் குறைந்த புல்லையே அதிகமாகத் தாக்கும் கிரீடத்துருவுக்கு இது பாதகம். மென்மையான சதைப்பற்றுள்ள இலையை விரும்பும் வேறு பூஞ்சைகளுக்கு இதுவே சாதகம்.

கலிபோர்னியாவின் புதிர்

இதுவரை சொன்னவை, விலங்கு நோயை நேரடியாகக் குறைப்பதும் கூட்டுவதுமான இரு வழிகள். இனி மூன்றாவது வழிக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் ஸ்பானியர்கள் 1769 முதல் சமயக் குடியிருப்புகளை அமைக்கத் தொடங்கினார்கள். அவர்களோடு மாடுகளும் ஆடுகளும் குதிரைகளும் வந்தன. மத்தியதரைக் கடற்பகுதியின் புல் விதைகளும் கூடவே வந்து சேர்ந்தன. அதற்கு முன் அம்மண்ணில் பல்லாண்டுகள் வாழும் கொத்துப்புற்கள் நிறைந்திருந்தன. இன்று ஏறக்குறைய 92 லட்சம் ஹெக்டேர் பரப்பில் வந்தேறிகளான ஓராண்டுப் புற்களே ஆட்சி செய்கின்றன. தமிழ்நாட்டின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு என்று இதனைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். காட்டு ஓட்ஸ் இவ்வந்தேறிகளுள் முக்கியமானது. இவை மழைக்காலத்தில் முளைத்து, கோடை தொடங்கும்போது விதை விட்டு மடிகின்றன. ஆழமாக வேர்விடும் கொத்துப்புல்லோ கோடையையும் தாங்கி உயிரோடிருக்கும்.

வந்தேறிகள் வலுவுடையவை, ஆகவே வென்றன என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விதமாகக் கூறியது. போதிய விதை கிடைத்து ஒருமுறை வேரூன்றிவிட்டால், உள்நாட்டுக் கொத்துப்புற்களே ஓராண்டுப் புற்களை ஒடுக்கும் திறனுடையவை என்று அது காட்டிற்று. அப்படியானால் வலியது தோற்றதும் எளியது வென்றதும் எப்படி? மிகை மேய்ச்சல், வறட்சி, உழவு ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் மெல்லமெல்ல வெளிப்பட்டது. அது ஒரு வைரஸ்.

அசுவினி சுமக்கும் நோய்

பார்லிப் பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் ஒரு நோயை 1951-இல் கலிபோர்னியாவில் ஆஸ்வால்டு, ஹூஸ்டன் என்னும் இருவர் முதன்முதலாக விவரித்தார்கள். பார்லி மஞ்சள் குட்டை நோய் எனப்படும் இது நெருங்கிய உறவுடைய பல வைரஸ்களால் உண்டாகிறது. பார்லி, கோதுமை, ஓட்ஸ் மட்டுமின்றி நூற்றுக்கும் மேற்பட்ட புல்லினங்களில் இவை வாழ்கின்றன. ஆகவே புல்வெளியில் நடப்பது அடுத்துள்ள தானிய வயலையும் பாதிக்கும்.

இவ்வைரஸ் பரவும் முறையைக் கவனமாக நோக்க வேண்டும். இது செடியின் உணவுக்குழாயாகிய ஃபுளோயத்தில் மட்டுமே வாழ்வது. சாறு பட்டாலோ, இலை உரசினாலோ தொற்றாது. விதை வழியாகவும் போகாது. அசுவினிப் பூச்சி தன் ஊசி போன்ற வாயை ஃபுளோயத்தில் செலுத்திச் சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடலுக்குள் புகுகிறது. பின்னர் அந்த அசுவினி வேறொரு புல்லை உறிஞ்சும்போது அங்கே இறங்குகிறது. அசுவினி ஒன்றே இதற்கு வாகனம்.

விதை வழியே போகாத வைரஸ் கோடையை எப்படிக் கடக்கிறது? ஓராண்டுப் புற்கள் மடியும்போது அவற்றிலுள்ள வைரஸும் மடிகிறது. ஆனால் கொத்துப்புற்கள் உயிரோடிருக்கின்றன. வைரஸும் அவற்றினுள் உறங்கிக் காத்திருக்கிறது. மழை வந்து ஓராண்டுப் புற்கள் முளைத்ததும் அசுவினிகள் வைரஸை அவற்றுக்குக் கொண்டு சேர்க்கின்றன. பெருகிய வைரஸ் மீண்டும் கொத்துப்புற்களைத் தாக்குகிறது.

இந்தச் சுழற்சியில் வந்தேறிகளின் பங்கை மால்ம்ஸ்ட்ராம் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 2005-இல் அளந்து காட்டினார்கள். காட்டு ஓட்ஸ் அருகில் இருந்தபோது, ஓர் உள்நாட்டுக் கொத்துப்புல்லில் வைரஸ் தொற்று இரண்டு மடங்குக்கும் அதிகமாயிற்று. அசுவினிகள் ஓராண்டுப் புற்களையே விரும்பி நாடின. அவற்றின்மேல் அதிகக் குஞ்சுகளையும் ஈன்றன. அதாவது வந்தேறிப் புல் அசுவினியின் அன்னசத்திரமாக விளங்குகிறது. அதன் கேட்டை அண்டை வீட்டுக்காரன் அனுபவிக்கிறான். போரர் என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் 2007-இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். வைரஸ் இல்லையேல் கொத்துப்புற்கள் வந்தேறிகளைத் தடுத்து நிறுத்தியிருக்கும். வைரஸ் சேரும்போது வெற்றி தோல்வி தலைகீழாகக்கூடும் என்பது அதன் முடிவு.

வேலிக்கு உள்ளும் வெளியும்

இந்த இடத்தில் மேயும் விலங்கைக் கொண்டுவருவோம். மாட்டின் வாயால் இவ்வைரஸைப் பரப்ப முடியாது. குளம்பாலும் முடியாது. ஆகவே மேய்ச்சலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என்றுதான் யாரும் எண்ணுவர்.

போரர் குழுவினர் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். கலிபோர்னியாப் புல்வெளியில் சில பாத்திகளில் முதுகெலும்புள்ள புல்லுண்ணிகள் நுழைய முடியாதபடி தடுத்தார்கள். மற்றவற்றைத் திறந்து விட்டார்கள். பிறகு ஆய்வுக்கென்றே புற்களை நட்டு, அவற்றில் எத்தனைக்கு வைரஸ் தொற்றுகிறது என்று பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவு எதிர்பாராதது. விலங்குகள் மேய்ந்த இடங்களில் தொற்று நான்கு மடங்கு அளவுக்கு உயர்ந்திருந்தது.

வைரஸைத் தொடாத விலங்கு வைரஸை நான்கு மடங்கு ஆக்கியது எப்படி? விலங்குகள் எல்லாச் செடிகளையும் ஒரே அளவில் தின்பதில்லை. நம்மூரில் ஆடாதொடையை ஆடு தொடாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். ஒரு வெளியில் சில இனங்கள் தின்னப்பட்டுக் குறையும்போது, தின்னப்படாதவையும் தின்றாலும் விரைந்து மீள்பவையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் புல்வெளியில், வைரஸை எளிதில் ஏற்றுப் பிறவற்றுக்குப் பரப்பக்கூடிய இனங்களின் பங்கு மேய்ச்சலால் உயர்ந்தது. நோய்க்கு நல்ல ஓம்புசெடிகள் மிகுந்தன. நோய் தானே மிகுந்தது.

ஒரு சிறு கணக்கு

இது எப்படி இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதைக் கற்பனை எண்களைக் கொண்டு பார்க்கலாம். நோயுற்ற ஒரு நல்ல ஓம்புசெடி தன் வாழ்நாளில் சராசரியாக 2 புதிய செடிகளுக்கு நோயைத் தருகிறது என்க. நோயுற்ற ஒரு மோசமான ஓம்புசெடி சராசரியாக அரைச் செடிக்கே தருகிறது. அதாவது இரண்டு செடிகள் சேர்ந்து ஒன்றுக்குத் தருகின்றன.

மேய்ச்சலற்ற வெளியில் நூற்றுக்கு 20 நல்லவை, 80 மோசமானவை. ஒரு நோய்ச்செடிக்குச் சராசரிப் புதுநோய் = (0.2 × 2) + (0.8 × 0.5) = 0.8. மேய்ந்த வெளியில் நூற்றுக்கு 60 நல்லவை, 40 மோசமானவை. இப்போது சராசரி = (0.6 × 2) + (0.4 × 0.5) = 1.4.

0.8-க்கும் 1.4-க்கும் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் ஐந்து சுற்றுகள் கழித்துப் பாருங்கள். நூறு நோய்ச்செடிகளில் தொடங்கினால், முதல் வெளியில் ஐந்தாம் சுற்றில் 33 மட்டுமே நோயுறும். இரண்டாவதில் 538 ஆகிவிடும். ஒன்றில் நோய் அணைகிறது. மற்றதில் பற்றி எரிகிறது.

அணு உலையைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. ஒரு யுரேனிய அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்களில் சராசரியாக எத்தனை, அடுத்த அணுவைப் பிளக்கின்றன என்பதைப் பெருக்கக் காரணி என்பர். அது 1-க்குக் கீழே இருந்தால் தொடர்வினை அணைந்துவிடும். 1-க்கு மேலே போனால் பெருகும். உலையைக் கட்டுக்குள் வைக்கக் காட்மியம் போன்ற பொருளால் செய்த கோல்களை உள்ளே இறக்குவார்கள். அவை நியூட்ரான்களை விழுங்கிவிடும். பதிலுக்கு எதையும் வெளிவிடா. புல்வெளியில் மோசமான ஓம்புசெடிகள் ஏறக்குறைய இந்தக் கோல்களின் வேலையைச் செய்கின்றன. வைரஸைச் சுமந்துவரும் அசுவினி அவற்றின்மேல் இறங்கினால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துபோக வாய்ப்பு அதிகம். விலங்குகள் இச்செடிகளைத் தின்று குறைப்பது, உலையிலிருந்து கோல்களை உருவி எடுப்பதற்கு ஒப்பாகும்.

கத்தரித்தபோது நடந்தது

இவ்வளவும் படித்தபின், "அப்படியானால் மாடுகளை அடியோடு விரட்டிவிட வேண்டியதுதான்" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 2006-இல் மால்ம்ஸ்ட்ராம் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இந்த முடிவைத் தடுக்கிறது.

அவர்கள் கொத்துப்புல் நாற்றுகளுக்கு வைரஸைத் தொற்றவைத்து, வந்தேறிப் புற்களின் நடுவே நட்டார்கள். சில பாத்திகளில் மேய்ச்சலைப் போலப் புல்லைக் கத்தரித்தார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். வைரஸ் மட்டும் தனித்திருந்தபோது முதல் ஆண்டில் நாற்றுகள் பிழைக்கும் அளவு குறையவில்லை. வந்தேறிகளின் போட்டியும் சேர்ந்தபோது பிழைத்தவை பாதியாகக் குறைந்தன. நோயும் நெருக்கடியும் கைகோத்தபோதுதான் நாற்று மடிந்தது.

கத்தரித்த பாத்திகளில் நாற்றுகள் மேலும் அழியும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அங்கே பிழைத்தவை இரண்டு மடங்காயின. அதிலும் வைரஸ் தொற்றிய நாற்றுகளே மிகுந்த பயன் பெற்றன. உயர்ந்து வளர்ந்து வெளிச்சத்தை மறைத்த வந்தேறிப் புற்கள் வெட்டுண்டதால் நலிந்த நாற்றுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்று இதனை விளக்கலாம்.

2006-ஆம் ஆண்டு முடிவும் 2009-ஆம் ஆண்டு முடிவும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். உற்று நோக்கினால் முரண் இல்லை. நோய் தொற்றுவது வேறு. தொற்றிய நோயால் சாவது வேறு. மேய்ச்சல், ஓம்புசெடிகளின் விகிதத்தை மாற்றித் தொற்றைக் கூட்டலாம். அதே மேய்ச்சல், போட்டியைக் குறைத்து, தொற்றியவற்றைப் பிழைக்கவும் வைக்கலாம். மேலும், கத்தரிக்கோலுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. எட்டியதையெல்லாம் ஒரே உயரத்தில் வெட்டும். விலங்கின் வாய்க்கு விருப்பமும் உண்டு, வெறுப்பும் உண்டு. விலங்கு எவ்வளவு தின்றது என்பதோடு, எந்தச் செடிகளை மிச்சம் வைத்தது என்பதையும் பார்த்தால்தான் நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்ல முடியும்.

மேய்ப்பவர் கேட்க வேண்டியவை

இந்த ஆய்வுகள் எந்த நாட்டு மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரே மருந்தை எழுதித் தருவதில்லை. ஆனால் எந்த நிலத்திலும் கேட்கத்தக்க சில கேள்விகளைக் கற்றுத்தருகின்றன.

முதற்கேள்வி: இங்குள்ள நோய் எவ்வாறு பரவுகிறது? காற்றிலும் பனியிலும் பரவும் பூஞ்சையானால், புல்லை நீளவிடாமல் மேய்ப்பது பெரும்பாலும் நன்மை தரும். காயத்தின் வழியே நுழைவதானால் அதுவே தீமையாகலாம். பூச்சி சுமக்கும் வைரஸானால் புல்லின் உயரத்தோடு, எந்தப் புல் எத்தனை உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: விலங்கு எதை ஒதுக்குகிறது? ஒதுக்கப்பட்ட புல் நோயின் களஞ்சியமாக இருந்தால், ஆண்டுதோறும் களஞ்சியம் பெருகும். ஒரே வகை விலங்கை நெடுநாள் மேயவிடுவதால் இந்நிலை வரக்கூடும்.

மூன்றாம் கேள்வி: எப்போது மேய்ப்பது, எப்போது நிறுத்துவது? ஓராண்டுப் புல் பசுமையாக, விதை கட்டாமல் இருக்கும் சில வாரங்களில் மேய்த்தால் அதன் அடுத்த தலைமுறை குறையும். பின்னர் விலங்குகளை அகற்றி ஓய்வு கொடுத்தால் பல்லாண்டுப் புல் தன் வேரில் உணவைச் சேர்த்துக்கொள்ளும். இந்த வரிசையை மாற்றிவிட்டால் பலனும் மாறிவிடும்.

வேலி போட்டு விலங்கை வெளியே நிறுத்தினாலே நிலம் நலம் பெறும் என்று நம்புவோரும் உண்டு. மாட்டை விட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புவோரும் உண்டு. கலிபோர்னியாவின் 92 லட்சம் ஹெக்டேர் புல்வெளி இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடம் தரவில்லை. இழந்த கொத்துப்புற்களை அங்கே மீண்டும் வளர்க்க விரும்புவோர் விதை, மழை, மாடு ஆகியவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத வைரஸையும் அதைச் சுமக்கும் சின்னஞ்சிறு அசுவினியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலியைத் திறப்பதற்கு முன்னும் மூடுவதற்கு முன்னும், அந்த வெளியில் எந்தெந்தப் புல் எத்தனை பங்கு நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே முதல் வேலையாகும்.